நீ ஆர், அத்தாட்சி எங்க?

வீட்டில அம்மாவோ அப்பாவோ வைத்திருக்கிற பழைய அடையாள அட்டையை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. ஒன்பது இலக்கங்கள், கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து. இது சும்மா வரிசையாகக் கொடுத்த இலக்கம் இல்லை. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவதால், மார்ச் 1ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. பிறகு வருவது தொடர் இலக்கம். ஒன்பதாவது இலக்கம்தான் சுவாரசியமானது. அதற்கென்று தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. முன்னுக்கு இருக்கிற எட்டு இலக்கங்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் வருகிற விடை அது. அதைச் சரிபார்ப்பு இலக்கம் என்பார்கள்.

கந்தோரில் இருக்கிறவர் உங்கட இலக்கத்தைப் பதியும்போது ஒன்றை மாற்றி அடித்துவிட்டால், அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். பிழை உடனே தெரியும். கடனட்டை இலக்கங்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் விண்ணப்பித்து, 1960இல் காப்புரிமை பெற்ற முறை அது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. சரிபார்ப்பு இலக்கம் கைதவறி வந்த பிழையைப் பிடிக்கும், களவைப் பிடிக்காது. கணக்குத் தெரிந்த எவரும் 'சரியான' ஒரு பொய் இலக்கத்தை உண்டாக்கலாம். பிழையைப் பிடிப்பது வேறு, பொய்யைப் பிடிப்பது வேறு. கணினிப் பாதுகாப்பின்ர வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கடக்கப் பட்ட பாடுதான். அந்த வரலாற்றில் எங்கட திருகோணமலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கோட்டை வாசல் மீன்கள்

பிரட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகாத ஆள் எங்கட ஊரில் இல்லை. அந்த வாசல் கல்லில் இரண்டு மீன்கள் செதுக்கியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். பாண்டியரின் இணைக்கயல் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கோயிலுக்கு உரியது என்று காட்ட வெட்டிய கல்லெல்லாம் கோட்டைச் சுவராகிப் போனது.

அரச முத்திரை என்பது அந்தக் காலத்தின் பாதுகாப்புத் தொழில்நுட்பம். சோழர் செப்பேடுகளை எடுத்துக்கொள்ளுங்கோ. நெதர்லாந்தின் லைடன் நகரில் நெடுங்காலம் இருந்த ஆனைமங்கலச் செப்பேடுகளில் பெரிய தொகுதி 21 ஏடுகள் கொண்டது. ஒவ்வொரு ஏட்டிலும் ஓட்டை போட்டு, ஒரு வளையத்தில் கோர்த்து, வளையத்தின் இரு முனையும் சேருகிற இடத்தில் முத்திரை வைத்துவிடுவார்கள். இடையில் ஒரு ஏட்டைச் செருகவோ உருவவோ வேண்டுமென்றால் வளையத்தை வெட்ட வேண்டும்; வெட்டினால் தெரியும். இன்றைய மொழியில் சொன்னால் இங்கே இரண்டு வேலை நடக்கிறது. முத்திரை 'ஆர் சொன்னது' என்று காட்டுகிறது. வளையம் 'சொன்னது மாறவில்லை' என்று காட்டுகிறது.

மூன்றாவது உத்தி கல்வெட்டு. தானத்தைக் கோயில் சுவரில் எல்லாரும் பார்க்க வெட்டிவிட்டால், பிறகு ஒருவர் தனியே ஒரு ஏட்டைத் திருத்தி வைத்துக்கொண்டு வாதாட ஏலாது. ஊரே பிரதி வைத்திருப்பதற்குச் சமம் அது.

இதன் குறைபாட்டையும் தமிழர் அறியாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் வழக்கு என்ன? சிலம்பு ஆருடையது என்பதுதானே. பொற்கொல்லனின் சொல்லை நம்பிக் கோவலனைக் கொன்றபிறகுதான் சிலம்பை உடைத்துப் பார்க்கிறார்கள். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சோதனை முறை கையில் இருந்தது. செய்யத்தான் ஆளில்லை. மீன் கொடி பிடித்த பாண்டியனின் ஆணை உண்மையான ஆணைதான், தீர்ப்புத்தான் பிழை. ஒரு ஆவணம் போலியில்லை என்பதும், அதில் இருப்பது நியாயம் என்பதும் ஒன்றில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, கடைசியில் தேவைப்படும்.

1840: ஒரே ஆண்டு, இரண்டு சட்டம்

ஒல்லாந்தர் காலத்தில் காணியையும் ஆட்களையும் எழுதி வைத்த 'தோம்பு' ஏடுகள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரித்தானியர் வந்தபிறகு 1840இல் மோசடித் தடுப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். காணி கைமாறுவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கக் கையெழுத்து வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. நொத்தாரிசு எழுதும் உறுதியில் ஒரு பிரதி உரியவருக்கு, ஒன்று நொத்தாரிசின் கைவசம், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. கள்ள உறுதி முடிக்கிறவன் மூன்று இடத்திலும் கை வைத்தால்தான் தப்பலாம். பிரதிகளைப் பிரித்து வைத்துப் பாதுகாப்பது என்ற எண்ணம் கணினிக்கு முன்பே எங்கட ஊர் இறாக்கைகளில் இருந்திருக்கிறது.

ஆனால் அதே 1840இல் 12ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் வந்தது, முடிக்குரிய காணி அத்துமீறல் தொடர்பாக. காடு, தரிசு, ஆளில்லாத காணி எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குச் சொந்தம் என்று அது எடுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் விளங்கும். ஒரு சட்டம் எது அத்தாட்சி என்று சொல்கிறது. மற்றது, அத்தாட்சி இல்லாதவனிடமிருந்து காணி போகும் என்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவனிடம் கடதாசி எங்கே இருக்கும்? சரிபார்க்கும் முறை எவ்வளவு திறமாக இருந்தாலும், நிரூபிக்கும் சுமை ஆரின் தலையில் என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதை அரசியல் தீர்மானிக்கிறது.

மூன்றால் பிரிபடும் இரகசியம்

1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டுபோட்டுத் தாக்கின. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்ததால் முதல்நாளே கப்பல்கள் துறைமுகத்தை விட்டு விலகியிருந்தன. அப்படி விலகிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இந்தக் கதை கனபேருக்குத் தெரியும். இதற்குப் பின்னால் இருந்த இலக்கங்களின் கதை அவ்வளவாகத் தெரியாது.

பிரித்தானியரின் கிழக்காசியக் குறியீட்டு உடைப்புக் குழு முதலில் ஹொங்கொங்கிலும் பிறகு சிங்கப்பூரிலும் இருந்தது. சிங்கப்பூர் விழப்போகிறது என்று தெரிந்ததும் 1942 ஜனவரியில் கொழும்புக்கு வந்தது. அவர்கள் மல்லுக்கட்டியது ஜே.என்.25 என்று பெயரிட்ட ஜப்பானியக் கடற்படைக் குறியீட்டோடு. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஐந்திலக்க எண். அனுப்ப முன், வேறொரு புத்தகத்திலிருந்து எடுத்த இன்னொரு ஐந்திலக்க எண்ணை அதோடு கூட்டி மறைப்பார்கள். பெறுகிறவர் அதைக் கழித்துவிட்டு, மிஞ்சியதைக் குறியீட்டுப் புத்தகத்தில் தேடுவார்.

ஜப்பானியர் இதில் ஒரு சரிபார்ப்பும் வைத்திருந்தார்கள். குறியீட்டுப் புத்தகத்தில் இருந்த எல்லா எண்களும் மூன்றால் பிரிபடும். உதாரணத்துக்கு 52116 என்று வைப்போம்; இலக்கங்களைக் கூட்டினால் 15, மூன்றால் பிரிபடும். கழித்துப் பார்த்து வந்த எண் பிரிபடாவிட்டால், வானொலியில் ஏதோ குழம்பிவிட்டது என்று பெறுகிறவருக்குத் தெரியும். எங்கட அடையாள அட்டையின் ஒன்பதாவது இலக்கம் செய்கிற அதே வேலை.

இந்த நல்ல உத்திதான் எதிரிக்கும் வாசலைத் திறந்துவிட்டது. குறியீடு உடைக்கிறவர் மறைப்பு எண்ணை ஊகிக்கிறார். அதே மறைப்பு எண் பாவித்த பல செய்திகளிலும் அதைக் கழித்துப் பார்க்கிறார். எல்லா விடையும் மூன்றால் பிரிபட்டால் ஊகம் சரி! பிழையைப் பிடிக்க வைத்த பொறி, உடைக்கிறவனுக்கு 'ஓம், சரியாத்தான் போறாய்' என்று சொல்லிக்கொடுத்தது. குறியீட்டை முழுதாக வாசிக்க முடியாவிட்டாலும், இலங்கைத் தாக்குதல் வருகிறது என்பது மார்ச் இறுதியிலேயே பிரித்தானியருக்குத் தெரிந்திருந்தது. நாளைத்தான் சற்று முந்திக் கணித்தார்கள். ஏப்ரல் 1ஆம் திகதியளவில் எதிர்பார்த்த தாக்குதல் கொழும்பில் 5ஆம் திகதி நடந்தது.

இடையில் ஏப்ரல் 4ஆம் திகதி கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல் தன்னுடைய கட்டலீனா விமானத்திலிருந்து ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். விதிப்படி செய்தியை மூன்று தரம் அனுப்ப வேண்டும். மூன்றாவது தரம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது சுட்டு வீழ்த்தப்பட்டார். ஏன் மூன்று தரம்? ஒன்று குழம்பினாலும் மற்றவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தலாம் என்றுதான். நொத்தாரிசின் மூன்று பிரதிக்கும் இதற்கும் நியாயம் ஒன்றே.

வெளியே சொல்லக்கூடிய சாவி

போருக்குப்பின் பிரித்தானியரின் குறியீட்டு உடைப்பு வேலை ஜி.சி.எச்.கியூ. என்ற நிறுவனமாகத் தொடர்ந்தது. இரகசியமாகப் பேசுவதென்றால் இரண்டு பேரும் முன்கூட்டியே ஒரு சாவியைப் பரிமாறியிருக்க வேண்டும் என்பதுதான் அதுவரை எல்லாரும் நம்பியது. ஜே.என்.25 புத்தகங்களையும் ஒவ்வொரு கப்பலுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. 1970இல் அந்த நிறுவனத்தின் ஜேம்ஸ் எலிஸ், முன்கூட்டிய பரிமாற்றம் தேவையில்லை என்று காட்டினார். 1973இல் கிளிபேர்ட் கொக்ஸ் அதற்கான கணிதத்தைக் கண்டுபிடித்தார். எல்லாம் இரகசியமாகவே கிடந்தது. 1997 டிசம்பரில்தான் வெளியே சொன்னார்கள். எலிஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் இறந்துபோயிருந்தார்.

இதை அறியாமல் 1976இல் அமெரிக்காவில் விற்பீல்ட் டிபியும் மார்ட்டின் ஹெல்மனும் அதே எண்ணத்தை வெளியிட்டார்கள். பிரித்தானியர் யோசிக்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்கள்: இலக்கமுறைக் கையெழுத்து. அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதைச் செய்துகாட்டினார்கள். அடிப்படை பள்ளிக்கூடக் கணக்குத்தான். 61ஐயும் 53ஐயும் பெருக்கினால் 3233, ஒரு நிமிட வேலை. 3233ஐத் தந்து எந்த இரண்டைப் பெருக்கியது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை என்றால் இன்றைய கணினிகளுக்கும் அது ஆகாத காரியம்.

கையெழுத்து இப்படி நடக்கிறது. ஆவணத்தை ஒரு கணித அரைவையில் போட்டுச் சிறிய எண்ணாக்குவார்கள். ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றாக மாறிவிடும். அந்த எண்ணின்மேல், தன்னிடம் மட்டும் இருக்கிற இரகசியச் சாவியால் கையெழுத்திடுவார் ஒப்பமிடுபவர். வெளியே எல்லாருக்கும் கொடுத்த சாவியால் எவரும் அதைச் சோதிக்கலாம். ஆனால் அந்தச் சாவியால் புதுக் கையெழுத்துப் போட ஏலாது. செப்பேட்டின் முத்திரையும் வளையமும் இங்கே ஒன்றாகிவிட்டன. முத்திரையைப் பார்த்தவன் அதைப் போலச் செய்யலாம். இதைப் பார்த்தவனால் முடியாது. சரிபார்ப்பு இலக்கத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான். இரண்டிலும் கணக்கு எல்லாருக்கும் தெரியும். இங்கே கணக்கு தெரிந்தும் பொய் செய்ய முடியாது.

கோயில் சுவருக்கும் ஒரு வாரிசு வந்தது. ஸ்டுவர்ட் ஹேபரும் ஸ்கொட் ஸ்டோர்னெட்டாவும் 1991இல் ஒரு வழி சொன்னார்கள். ஆவணங்களின் அரைவை எண்களைச் சங்கிலியாகக் கோர்த்து, அதன் சுருக்கத்தை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டால் பழைய திகதியிட்டுக் கள்ள ஆவணம் செய்ய ஏலாது. 1995இலிருந்து நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் வாரம் ஒருமுறை அந்த எண் விளம்பரமாக வந்தது.

கடவுச்சொல்லின் கதை வேறு. எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961இல் காட்டிய, பலர் ஒரே கணினியைப் பகிரும் அமைப்பில்தான் அது வந்தது. எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் அப்படியே கிடந்தன. ஒருமுறை மென்பொருள் பிழையால் அந்தக் கோப்பே அன்றைய வரவேற்புச் செய்தியாக எல்லாருடைய முனையத்திலும் வந்துவிட்டது! 1970களில் ரொபேர்ட் மொரிசும் கென் தொம்சனும் அரைவை எண்ணை மட்டும் சேமிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். 1981இல் லெஸ்லி லம்போர்ட், ஒருமுறை பாவித்தால் செத்துப்போகும் கடவுச்சொல்லுக்கு ஒரு கணித முறை சொன்னார். இன்று உங்கட போனுக்கு வருகிற ஓ.டி.பி.யின் பூட்டன் முறை அது.

இனி எங்கட கதை

2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளில் வீடுகளோடு அலுமாரிகளும் போயின. உறுதி, காணி பெர்மிட், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்த வீடுகள் அவை. அதற்கு முன்னும் பின்னும் இடப்பெயர்வு: 1990, 2006. படகில் தமிழ்நாடு போய்த் திரும்பியவர்கள், அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கடதாசி தேடி அலைந்தார்கள். பிறப்பைப் பதியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். கிராம சேவகரின் கடிதம், சமாதான நீதவானின் சத்தியக் கடதாசி, பிரதேச செயலகத்தின் சீல். எங்கட சனம் தாங்கள் தாங்கள்தான் என்று நிரூபிப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்த சனம். சோதனைச்சாவடியில் அட்டையின் ஒன்பதாவது இலக்கத்தை எவரும் கணக்குப் பார்க்கவில்லை; பேரையும் ஊரையும் முகத்தையும்தான் பார்த்தார்கள்.

இப்போது புதுக்காலம். 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கம், 2017இலிருந்து புது அட்டை, அடுத்து இந்திய நிதியுதவியோடு தனித்துவ இலக்கமுறை அடையாளத் திட்டம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் இலக்கமுறைக் கையெழுத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் காணி விற்பனையும் மரண சாசனமும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. அதாவது காணிக்கு இன்னும் 1840தான்: நொத்தாரிசு, இரண்டு சாட்சி, கடதாசி.

இதைப் பின்தங்கல் என்று சிரிக்க வேண்டாம். கடதாசியைத் தண்ணி கொண்டுபோகும் என்பது எங்களுக்குத் தெரியும். பிரதிகள் பல இடத்தில் இருப்பதும், கையெழுத்தைக் கணிதத்தால் சோதிப்பதும் எங்களைப் போன்ற ஊருக்குத்தான் கூடுதல் தேவை. ஆனால் எந்த முறை வந்தாலும் நாங்கள் மூன்று கேள்வி கேட்கப் பழக வேண்டும்.

முதலாவது, கணிதம் எதைச் சொல்கிறது? சான்றிதழில் ஒரு கியூ.ஆர். சதுரம் இருப்பதால் அது உண்மையாகிவிடாது. அதற்குள் கையெழுத்து இருக்கிறதா, இல்லை எவரும் செய்யக்கூடிய ஒரு இணைய முகவரி மட்டும்தானா? கையெழுத்து சரியென்றாலும், பதிந்தவர் பிழையாகப் பதிந்திருந்தால் அந்தப் பிழைக்குத்தான் காவல் கிடைக்கும். பாண்டியனின் ஆணை போல.

இரண்டாவது, பொருந்தவில்லை என்று இயந்திரம் சொன்னால் என்ன நடக்கும்? பேர் ஒரு எழுத்துப் பிசகியிருக்கிற அம்மம்மா ஆரிடம் போய் முறையிடுவா? நிரூபிக்கும் சுமை அவவின் தலையிலா, பதிந்த கந்தோரின் தலையிலா? 1840இன் இரண்டாவது சட்டம் கற்றுத்தந்த பாடம் இது.

மூன்றாவது, கேட்கிறவரை நாங்கள் சோதிக்க ஏலுமா? கணினிப் பாதுகாப்பில் இருவழி உறுதிப்படுத்தல் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் வங்கியின் தளத்துக்குள் போகும்போது கடவுச்சொல் கேட்க முன்னமே, 'நான் உண்மையான தளம்தான்' என்று அது தன்னுடைய சான்றைக் காட்டிவிடுகிறது. உங்கட உலாவி அதைச் சோதிக்கிறது. 'பாங்கில இருந்து கதைக்கிறம், வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கோ' என்று போன் எடுக்கிறவனிடம் இல்லாதது அதுதான். அவன் கேட்க மட்டும் செய்கிறான். சோதனைச்சாவடியும் கந்தோர் யன்னலும் எங்களுக்கு நெடுகப் பழக்கிவிட்டது ஒருவழிக் கேள்வியைத்தான். கேட்டால் காட்ட வேண்டும், திருப்பிக் கேட்கக்கூடாது.

இந்தக் கணிதம் அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கு வசதி தந்திருக்கிறது. அரசு என்னுடைய விபரத்தை ஆர், எப்போது, எதற்குப் பார்த்தது என்று அழிக்க முடியாத ஒரு பதிவேடு வைக்கலாம். அதை எனக்குக் காட்டலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கேட்க ஒரு பிடியைத் தருகிறது. புதிய அடையாளத் திட்டம் எங்கட பிரதேச செயலகத்துக்கு வரும்போது, விரல் அடையாளம் வைக்க வரிசையில் நிற்க முன், இதைக் கேட்க வேண்டியது எங்கட வயதுக்காரர்தான்.